நமசிவாயத்தின் மூக்கும் சக்திக் காப்பு விதியும்

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பொறியியற் கல்லூரி இருந்தது. அதற்கு முன்னால் அது கறுவாப்பட்டைக் கிட்டங்கி. மழை நாட்களில் சுவரிலிருந்து கறுவா மணக்கும். அங்கே படித்தவர்கள் லண்டன் பட்டத்துக்கான சோதனையைக் கொழும்பிலிருந்தே எழுதி எஞ்சினியர் ஆனார்கள். சோதனையில் தவறியவர்கள் ஓவர்சியர் ஆகி, தேறியவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள்.

நமசிவாயம் அங்கே முதலாம் வருட மாணவர்களுக்குப் பௌதிகம் படிப்பித்தார். விரிவுரையாளர் என்ற பெயர் அவருக்கு இல்லை. அதற்கு ஒரு படி கீழே, டெமொன்ஸ்ரேற்றர். அதுவும் தற்காலிகம். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் ஆடி முடிவில் அவருடைய நியமனம் செத்துப்போகும். ஆவணி நடுவில் உயிர்க்கும். இடையில் உள்ள நாட்களில் ரெயிலில் யாராவது "தம்பிக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டால் நமசிவாயம் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்ப்பார். பொய் சொல்லத் தெரியாதவர்.

யாழ்ப்பாணத்தில் இருந்த மாமனார் அவரை ஊராருக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவர் எங்கடை தற்காலிக மருமகன்" என்பார். முதல் வருடம் அது பகிடி. ஒன்பதாம் வருடம் மாமனார் சிரிக்காமல் சொன்னார்.

மெலிந்து உயர்ந்த மனிதர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி, நீண்ட மூக்கு. மூக்கைப் பற்றிச் சொல்வது மரியாதை இல்லை. ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பௌதிகத்தை அவர் வகுப்பில் விட்டுவிட்டு வருவதில்லை. வீடு வெள்ளவத்தையில். அங்கிருந்து கோட்டைக்கு ரெயில், பிறகு ட்ராம். ட்ராமில் அவர் எதையும் பிடிக்காமல் நிற்பார். ஓடும் பொருள் நேரே ஓடத்தான் விரும்பும். வண்டி திரும்பும்போது மனிதன் திரும்புவதில்லை, அதனால் விழுகிறான். இது தெரிந்தவன் வளைவு வருமுன் உள்பக்கம் சாய்ந்துகொண்டால் போதும். நமசிவாயம் சாய்வார். வழக்கமாக வருபவர்கள் அவர் சாய்வதைப் பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் தண்டவாளத் திருத்த வேலையால் ட்ராம் வளைவுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய் ஒரு மீன்காரியின் கூடைக்குள் இருந்தார். "சடத்துவம்," என்று எழும்பும்போது விளக்கினார். மீன்காரி சிங்களத்தில் வேறொரு விளக்கம் கொடுத்தாள்.

வீட்டில் மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், பாலை இப்போதே விட்டால் சூடு அதிக நேரம் நிற்குமா, பிறகு விட்டால் நிற்குமா என்று சொல்லத் தொடங்குவார். அவர் சொல்லி முடிக்கும்போது இரண்டு வழியிலும் ஆறியிருக்கும்.

அவருடைய தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். மகனுக்கு நடக்கப் பழக்கிய கையோடு துரைமாருக்கு வணக்கம் சொல்லவும் பழக்கினார். துரை வந்தால் முதலில் உடம்பு முன்னால் சாயவேண்டும். பிறகு தலை குனியவேண்டும். அதன் பிறகுதான் வாய். நமசிவாயத்துக்கு இது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. வகுப்புக்கு வெளியே நடையோடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே முதுகு தானாகச் சாயும். சில வேளைகளில் வந்தவர் தபால்காரராக இருப்பார். அவரும் பதிலுக்குக் குனிந்துவிட்டுப் போவார்.

1938 வைகாசியில் கல்லூரி அதிபர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அதிபர் ஹோல்றோய்ட் துரை மலைநாட்டில் ரெயில் பாலங்கள் கட்டியவர். வெண்கட்டியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "கரும்பலகையில் எந்தப் பாலமும் விழுவதில்லை, மிஸ்டர் நமசிவாயம்," என்பார்.

அன்றைக்கு அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"கல்லூரிச் சபை ஒரு பௌதிக விரிவுரையாளர் பதவிக்குச் சம்மதித்துவிட்டது. நிரந்தரம். ஓய்வூதியமும் உண்டு."

நமசிவாயம் சாய்ந்தார். குனிந்தார்.

"பொறும். இன்னும் உமக்கில்லை. இங்கிலாந்தில் ஒருவர் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறார். சபையிலிருந்து முதலியாரும் நானும் வந்து உம்முடைய விரிவுரை ஒன்றைக் கேட்போம். சக்திக் காப்பு விதி. எங்களுக்குத் திருப்தி என்றால் பதவி உமக்கு. இல்லையென்றால் அவர் கப்பல் ஏறுவார்."

"அவர் வந்தால் நான், சேர்?"

"இரண்டு பேருக்கு இங்கே வேலை இல்லை," என்றார் துரை. பிறகு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "வெண்கட்டியைக் கொண்டுவர வேண்டாம். செய்துகாட்டும்."

வெள்ளவத்தைக்கு வந்து நாகேஸ்வரியிடம் இதைச் சொன்னார்.

"சரிவராட்டில்?"

"ஊருக்குப் போகவேண்டியதுதான்."

"அப்பாவின்ரை வீட்டுக்கோ?"

"வேறை எங்கை?"

"அதைவிட நீங்கள் சரிவரப் பாருங்கோ," என்று நாகேஸ்வரி குசினிக்குப் போனாள்.

எதைச் செய்துகாட்டுவது என்பதைத் தீர்மானித்தவன் மர்ஸூக் என்ற முதலாம் வருட மாணவன். மாளிகாவத்தையிலிருந்து வருபவன். வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். மர்ஸூக் வகுப்பு முடிந்ததும் மேசையடிக்கு வந்து தமிழில் கேட்பான். ஆங்கிலத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல அவை.

"சேர், இந்தச் சக்தி அழியாது, புதுசா உண்டாகாது, ஒண்டு இன்னொண்டா மாறும் எண்டு செல்றீங்க."

"ஓம்."

"ஒரு நாளும் பிழைச்சதில்லையா?"

"ஒரு நாளும் இல்லை."

"புத்தகத்துல ஒரு படம் ஈக்கி சேர். ஒரு வெள்ளக்காரன் தொங்குற குண்ட இழுத்து மூக்குல வெச்சி விடுறான். குண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருது. மூக்குல படுறத்துக்கு முந்தி நிக்கிது. அவன் சிரிச்சிக்கிட்டு நிக்கிறான்."

"சரியான படம்."

"படத்துல யாருக்கும் வலிக்காதே சேர்," என்றான் மர்ஸூக். "நீங்க உங்கட மூக்க வெப்பீங்களா?"

மற்ற மாணவர்களும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். நமசிவாயம் அந்த விதியை ஒன்பது வருடமாகச் சொல்லி வருகிறார். நம்புகிறீரா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"வைப்பன்," என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலும் விழுந்தது.

குண்டைத் தேடி அலையவேண்டி இருக்கவில்லை. ஆய்வுகூடக் கதவு கடற்காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்ததே ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிக் குண்டுதான். முகத்துவாரத்து மீனவர் ஒருவர் அதற்கு வலைக் கயிற்றில் ஒரு பை பின்னிக் கொடுத்தார். கறுவாச் சிப்பங்களை ஏற்றி இறக்கிய பழைய உத்தரம் விரிவுரை மண்டபக் கூரையின் நடுவில் இருந்தது. மர்ஸூக் ஏணி வைத்து ஏறி அதில் நீளக் கயிற்றைக் கட்டினான். குண்டை ஒருதரம் தள்ளிவிட்டபோது அது மெதுவாக, யோசித்து யோசித்துப் போய்வருவதுபோல் ஆடியது. எல்லாரும் விலகி நின்று பார்த்தார்கள். நமசிவாயமும் விலகித்தான் நின்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. விதி தயார். அவர்தான் தயாரில்லை.

சனிக்கிழமை காலை நாகேஸ்வரி சம்பல் அரைக்க வந்தபோது அம்மி மட்டும் இருந்தது. குழவி பின் விறாந்தைக் கூரை வளையில் கட்டிய கயிற்றிலிருந்து, பழைய வேட்டியில் தொட்டில் பிள்ளைபோல் தொங்கியது. நமசிவாயம் அதை மூக்குக்கு நேரே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ, என்ரை குழவி!"

"ஒரு பரிசோதனை."

"எனக்குச் சம்பல் அரைக்கவேணும்."

"கொஞ்சம் பொறும்."

பக்கத்து வீட்டுப் பிறிஜெற் இந்தச் சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தவள். அவள் நின்ற இடத்திலிருந்து குழவி தெரியவில்லை. வளை தெரிந்தது, கயிறு தெரிந்தது, மாஸ்ரரின் கழுத்து தெரிந்தது.

"ஐயோ மாஸ்ரர், வேணாம்! எந்தக் கஷ்டமா இருந்தாலும் கதைச்சித் தீத்துக்குவோம்!"

"நான் பௌதிகம் செய்யிறன்."

"பௌதிகத்துக்காகவா சாகப் போறீங்க?"

நாகேஸ்வரி மதிலடிக்குப் போய், மனுசன் சாகவில்லை, படிப்பிக்கப் பழகுகிறார் என்று சொன்னாள். பிறிஜெற் அதை நம்பினாலும் மதிலை விட்டு இறங்கவில்லை.

நமசிவாயம் குழவியை விட்டார். தள்ளவில்லை, விட்டார். தள்ளினால் கூடுதல் சக்தியோடு திரும்பி வரும். அதுதான் இந்தப் பரிசோதனையில் உயிராபத்து. குழவி முற்றத்துப் பக்கம் போய், ஒரு கணம் நின்று, திரும்பியது. அருகே வர வரப் பெரிதாகியது. நமசிவாயம் பின்னால் பாய்ந்தார். கதவில் தலை இடித்தது. குழவி முன்பு மூக்கு இருந்த இடத்துக்குச் சற்று முன்னால்வரை வந்து, யாரும் இல்லாததைக் கண்டு திரும்பிப் போனது.

"பாத்தியளோ? பட்டிருக்காது," என்றார் தலையைத் தடவிக்கொண்டு.

"அப்ப ஏன் பாய்ஞ்சனீங்கள்? விதியிலை நம்பிக்கை இல்லையோ?"

"விதியிலை நம்பிக்கை இருக்கு. கழுத்துத்தான் நம்புதில்லை."

மறுபடி விட்டார். மறுபடி பாய்ந்தார். பிறிஜெற் ஒவ்வொரு தரமும் "யேசுவே" என்றாள். அது வேறு அவருடைய கவனத்தைக் கெடுத்தது. கண்ணை மூடிப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள் குழவி இன்னும் பெரிதாக வந்தது.

"சுவரோடை நில்லுங்கோ," என்றாள் நாகேஸ்வரி கடைசியில். "பிடரியைச் சுவரிலை வையுங்கோ. சுவர் பின்னாலை போகாது."

அது நல்ல யோசனை. பிடரி சுவரில் ஒட்டியிருந்தால் உடம்பு போக இடமில்லை. அந்தக் கிழமை முழுதும் கல்லூரியால் வந்ததும் அவர் சுவரில் ஒட்டிக்கொள்வார், நாகேஸ்வரி பக்கத்தில் நின்று "பின்னுக்குப் போகாதையுங்கோ, பின்னுக்குப் போகாதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வெள்ளிக்கிழமையாகும்போது குழவி வந்து மூக்கின் முன்னால் நின்று போவதை அவர் கண் வெட்டாமல் பார்த்தார். பிறிஜெற் மதிலுக்கு மேலால் கைதட்டினாள். அந்தக் கிழமை இரண்டு வீட்டிலும் சம்பல் பிறிஜெற்றின் அம்மியில் அரைபட்டது.

பின்னால் போகக்கூடிய வழிகள் எல்லாவற்றையும் அவர்கள் அடைத்துவிட்டார்கள். மனிதன் முன்னாலும் போகக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விரிவுரை நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் வருடத்தாரும் வந்து பின்னால் நின்றார்கள். மூக்கு பற்றிய செய்தி பரவியிருந்தது. குண்டு போய்வர நடுவில் வழி விட்டு வாங்குப் பலகைகளை இரு பக்கமும் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் சபை முதலியார், பொன்சங்கிலியும் பித்தளைப் பூண் போட்ட கைத்தடியுமாக இருந்தார். மற்றது வெறுமை. துறைமுகத்தில் ஏதோ பாரந்தூக்கி பழுதாகி, துரையை அங்கே கூப்பிட்டுவிட்டார்கள். "தொடங்கும், வந்து சேர்கிறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"துரை வராமல் தொடங்கிறது அழகில்லை," என்றார் முதலியார்.

"துரைதான் தொடங்கச் சொன்னவர், ஐயா."

"சொல்லுவினம். நாங்கள்தான் பாத்து நடக்கவேணும்."

நமசிவாயம் வெறுங்கதிரையைப் பார்த்தார். தொடங்கினால் மரியாதைக் குறைவு. தொடங்காவிட்டால் கட்டளை மீறல். மர்ஸூக் மேசையடியில் நின்று குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நமசிவாயம் தொடங்கினார்.

நன்றாகத்தான் தொடங்கினார். உயரத்தில் பிடித்து வைத்த குண்டுக்கு, அது இருக்கும் இடத்தால் ஒரு சக்தி இருக்கிறது என்றார். விட்டதும் அது இறங்கும். இறங்க இறங்க இடத்தின் சக்தி குறையும், ஓட்டத்தின் சக்தி கூடும். அடியில் வரும்போது எல்லாம் ஓட்டம். பிறகு ஏறும்போது ஓட்டத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கும். வாங்கக்கூடியது கொடுத்ததற்கு மேல் இல்லை.

"ஆகவே விட்ட இடத்தைத் தாண்டி அது வர முடியாது. காற்றும் கயிறும் வழியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எனவே சற்றுக் குறைந்தே வரும். அந்தக் குறைவை நம்பித்தான் என் மூக்கை இங்கே வைக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. முதலியாரும் மீசைக்குள் சிரித்தார். ஒன்பது வருடத்தில் நமசிவாயத்தின் வகுப்பில் எழுந்த முதல் சிரிப்பு அது.

அவர் கரும்பலகையில் பிடரியை ஒட்டினார். மர்ஸூக் குண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். மூக்கு நுனியில் இரும்பின் குளிர் பட்டது. விட்டார்.

குண்டு இறங்கிப் போனது. மண்டபத்தின் நடுவைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறியது. வாசல் அந்தப் பக்கம்தான். உச்சியில் குண்டு தயங்கி நின்றபோது, அதற்கு அருகே கதவு திறந்து, கையில் தொப்பியோடு ஹோல்றோய்ட் துரை உள்ளே வந்தார்.

வாங்குகள் கிறீச்சிட்டன. வகுப்பு எழும்பியது. வகுப்புக்கும் முந்தி முதலியார் எழும்பினார். நமசிவாயத்தின் பிடரி கரும்பலகையை விட்டு வந்தது.

உடம்பு சாய்ந்தது. தலை குனியத் தொடங்கியது. வாயிலிருந்து "குட்" வந்தது. "மோர்னிங்" வருமுன் குண்டு வந்துவிட்டது.

வேகமாக வரவில்லை. பயணத்தின் முடிவில் இருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. மெதுவாக வந்த பீரங்கிக் குண்டு மூக்குக்குப் போதும். நமசிவாயம் கரும்பலகையடியில் தரையிலேயே இருந்துவிட்டார்.

பிறகு ஒரே குழப்பம். ஒருவன் தண்ணீருக்கு ஓடினான். இரண்டாம் வருடத்தான் ஒருவன் ஆய்வுகூடத்துப் பஞ்சைக் கொண்டுவந்தான். துரை, "ஆஸ்பத்திரி! வண்டி!" என்றார். முதலியார் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"பரிசோதனை பிழைச்சுப் போச்சு," என்று தமிழிலும், பிறகு துரைக்காக ஆங்கிலத்திலும் சொன்னார்.

நமசிவாயம் எழும்பினார். கோட்டின் முன்பக்கம் சிவந்திருந்தது. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கப்பலேறத் தயாராக ஒருவர் எங்கோ பெட்டிமேல் இருக்கிறார் என்ற நினைவு அவருக்கு வந்திருக்கவேண்டும்.

"பரிசோதனை பிழைக்கவில்லை, ஐயா," என்றார் மூக்கில் பொத்திய கைலேஞ்சிக்குள்ளிருந்து. "நான்தான் இடம் மாறினேன். விதி மூக்கு இருந்த இடத்துக்குத்தான் பொறுப்பு. மூக்கு போகும் இடங்களுக்கெல்லாம் பொறுப்பல்ல."

 அவர் கையை நீட்டிக் காட்டினார். குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முன்பு வாசல்வரை போனது இப்போது பாதித் தூரம்கூடப் போகவில்லை.

"பாருங்கள். குறைந்துவிட்டது. சக்தி அழியாது என்றேன். அப்படியானால் மீதி எங்கே?"

மர்ஸூக் கையை உயர்த்தினான். முதன்முதலாக ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

"உங்களுடைய மூக்கில், சேர்."

"சரி," என்றார் நமசிவாயம். "போய் இரும்."

சிரிப்பு கூரையில் இடித்தது. துரை சிரிக்காமல் இருக்கப் புகைச் சுங்கானைக் கடித்தார். முதலியார் அவரைப் பார்த்துவிட்டுத் தானும் சிரிப்பதா இல்லையா என்று காத்திருந்தார்.

"கெட்டித்தனமான பதில்," என்றார் துரை. "ஆனால், மிஸ்டர் நமசிவாயம், நான் பார்க்க வந்ததை இன்னும் பார்க்கவில்லை. பாலம் நிற்கவேண்டும். விழுந்த காரணத்தை அழகாகச் சொன்னால் போதாது."

"திரும்பச் செய்கிறேன், சேர்."

"இந்த மூக்கோடா?"

"ஓம், சேர். ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்யும்போது ஒன்றை மட்டும்தான் மாற்றவேண்டும். மற்றதெல்லாம் முன்போலவே இருக்கவேண்டும்." நமசிவாயம் பஞ்சை மூக்கில் திணித்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "தயவுசெய்து நீங்கள் வெளியே போய்த் திரும்ப வாருங்கள்."

பின்னால் நின்ற இரண்டாம் வருடத்தார் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஆரை வெளியிலை போகச் சொல்லுறீர்?" என்று முதலியார் எழும்பினார். "உமக்கு அடி மூளையிலையோ பட்டது?"

துரை நமசிவாயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. முதலியார், தானும் போகவேண்டுமா என்று தெரியாமல் பாதி நின்றபடியும் பாதி இருந்தபடியும் இருந்தார்.

நமசிவாயம் பிடரியைக் கரும்பலகையில் வைத்தார். மர்ஸூக் குண்டைக் கொண்டுவந்தான்.

"சேர்," என்றான் மெதுவாகத் தமிழில். "போதும் சேர். நாங்க நம்புறோம்."

"நீர் நம்பினாப் போதாது. குண்டைத் தாரும்."

வீங்கியிருந்ததால் மூக்கு முன்பைவிடச் சற்று நீளம். அதை யோசித்து அந்த அளவுக்குக் குண்டைத் தள்ளிப் பிடித்தார். விட்டார்.

குண்டு போனது. உச்சியில் தயங்கியது. கதவு திறந்தது. வாங்குகள் கிறீச்சிட்டன. வகுப்பு எழும்பியது. முதலியார் எழும்பினார். எல்லாம் முன்போலவே.

துரை இந்தத் தடவை இன்னும் ஒன்று அதிகமாகச் செய்தார். சுவர் ஓரமாக நாலைந்து பெரிய எட்டில் மேடையடிக்கு வந்தார். "குட் மோர்னிங், மிஸ்டர் நமசிவாயம்," என்று கையை நீட்டினார்.

ஒரு வெள்ளைக்காரர் அவருக்குக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை.

நமசிவாயத்தின் முதுகு அசைந்தது. பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்: தோள் இரண்டும் முன்னால் போக, தலையை மட்டும் யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்ததுபோல இருந்தது என்று. கழுத்து நரம்பு புடைத்தது.   கச்சேரியும் தகப்பனும் எல்லாத் துரைமாரின் சப்பாத்துகளும் ஒரு பக்கம் இழுத்தன. மறுபக்கம் இழுக்க ஒன்றும் இல்லை, ஒரு விதி மட்டும்தான். அவர் துரையைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்க்கவில்லை. குண்டைப் பார்த்தார்.

குண்டு வந்தது. பெரிதாகியது. பஞ்சுக்கு முன்னால், ஒரு விரல் நுழையும் இடைவெளியில் நின்றது. அந்தக் கணத்தில் துரையும் அசையவில்லை, நமசிவாயமும் அசையவில்லை, குண்டும் அசையவில்லை. பிறகு அது, வந்த வேலை முடிந்ததுபோல், திரும்பிப் போனது.

வகுப்பு மேசைகளில் அடித்து ஆர்ப்பரித்தது. அடுத்த தடவை குண்டு வந்தபோது நமசிவாயம் அதை இரண்டு கைகளாலும் பிடித்து இறக்கி வைத்தார். போதும் என்று தோன்றியிருக்கும். துரை இதற்குள் போய், வெறுங்கதிரையில் அல்ல, மாணவர்களோடு பின் வரிசை வாங்கில் இருந்துவிட்டார். நமசிவாயம் மூக்கடைத்த குரலில், அந்த ஒரு விரல் இடைவெளி எங்கிருந்து வந்தது, காற்று எவ்வளவு எடுத்தது, உத்தரத்தில் கயிறு உராய்ந்து எவ்வளவு சூடானது என்று மணி அடிக்கும்வரை சொன்னார். மர்ஸூக் ஏணியில் ஏறிக் கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "சூடா ஈக்கி!" என்று கத்தினான். அவ்வளவு சூடு இருந்திருக்க முடியாது. நமசிவாயம் திருத்தவில்லை.

மண்டபத்துக்கு வெளியே நடையோடையில் முதலியார் துரையை நிறுத்தினார். கல்லூரியின் பெரிய கிளாக்கர் கேட்டுக்கொண்டிருந்தபடியால் இது வெளியே தெரிய வந்தது.

"தாங்கள் கை நீட்டினீர்கள். அவர் மரம்போல நின்றார். நாளைக்கு மாணவர்களும் இப்படித்தான் நிற்பார்கள்."

"கை கொடுத்திருந்தால் அவரை நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கவேண்டும்," என்றார் துரை.

"தங்களை வெளியே போகச் சொன்னார்."

"திரும்ப வரவும் சொன்னார். முதலியார், இந்தக் கட்டடத்தில் எனக்கு முன்னால் சாயாத பொருள் ஒன்றை இன்றைக்குத்தான் கண்டேன். இங்கிலாந்தில் இருப்பவர் தன் பெட்டியை அவிழ்க்கலாம்."

துரை மறுபடி துறைமுகத்துக்குப் போய்விட்டார். செய்தியைப் பெரிய கிளாக்கர்தான் வந்து சொன்னார். வரும் மாதம் முதலாந் திகதியிலிருந்து நிரந்தரம்.

கதவைத் திறந்த நாகேஸ்வரி முதலில் முகத்தில் ஒட்டியிருந்த கட்டைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஐயோ. சுவர் இல்லையோ அங்கை?"

"இருந்தது."

"பின்னுக்குப் போனீங்களோ?"

"இல்லை. முன்னுக்கு."

அவள் வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். "அப்ப உத்தியோகம் போச்சு."

"இல்லை. கிடைச்சிட்டுது. நிரந்தரம்."

நாகேஸ்வரி எழும்பவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நமசிவாயம் முன்னால் நின்றார். மதிலுக்கு மேலே பிறிஜெற்றின் தலை வந்தது.

"மாஸ்ரர், செத்துட்டீங்களா?"

"நிரந்தரமாக்கிப் போட்டினம் அக்கா!" என்று நாகேஸ்வரி கத்தினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மெல்ல முடியாததால் சோற்றைக் குழைத்துச் சொதி விட்டுக் கொடுத்தாள். நமசிவாயம் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். துரை கை நீட்டிய இடத்துக்கு வந்ததும் நாகேஸ்வரி நிறுத்தினாள்.

"துரை கை நீட்டினவரோ? உங்களுக்கோ?"

"ஓம்."

"நீங்கள் குடுக்கேல்லை."

"குடுத்திருந்தால் மூக்கு..."

"அது சரி. பிறகு? குண்டை இறக்கி வைச்ச பிறகெண்டாலும் குடுத்தனீங்களோ?"

நமசிவாயத்தின் கை சோற்றில் நின்றது. குண்டை இறக்கினார். நிமிர்ந்தார். துரை பின் வரிசையில் இருந்தார். பிறகு உராய்வு. பிறகு மணி. பிறகு துரை துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

"இல்லை," என்றார்.

"அந்தாள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தால்?"

"நீட்டிக்கொண்டிருக்கமாட்டார்."

"எண்டாலும்."

மறுநாள் காலை வெளுத்த கோட்டுப் போட்டு, மூக்கில் புதுக் கட்டோடு, நமசிவாயம் நேரே அதிபரின் அறைக்குப் போனார். வழியில் யாருக்கும் சாயவில்லை; குனிந்தால் மூக்கில் விண்விண்ணென்று வலித்தது. கதவைத் தட்டினார்.

"உள்ளே வாரும். என்ன, விடுமுறை வேண்டுமா?"

"இல்லை, சேர். நேற்று நீங்கள் கை நீட்டினீர்கள். அப்போது வசதிப்படவில்லை."

நமசிவாயம் மேசைக்கு இப்பால் நிமிர்ந்து நின்று கையை நீட்டினார். துரை சுங்கானைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். கையைக் கொடுக்குமுன், தலையை உயர்த்திக் கூரை உத்தரத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.